ஒன்பதடித் தடம்

கஞ்சியை மூன்றாவது முறையாக வடிகட்டினாள் சுடர்விழி. முதலில் பெரிய வடிகட்டி, அப்புறம் டீ வடிகட்டி, கடைசியாகத் தன் பழைய நூல் புடவையில் கிழித்த துணி. ஒரே ஒரு குருணை தப்பி வந்தாலும் ஸ்ட்ராவில் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் அவள் புருஷன் துரைராசு கண்ணை உருட்டி, மூக்கால் புஸ்ஸென்று மூச்சு விட்டு, டம்ளரை டங் டங்கென்று தரையில் தட்டுவார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அன்றோடு பதினெட்டு நாள். தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஆறு வாரம் ஆகுமாம் கம்பியை அவிழ்க்க.

ஊரில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் போகட்டும் என்று விடலாம். காலையில் பெண்டாட்டியிடம் இரண்டு வார்த்தை, சாயங்காலம் மாட்டிடம் நாலு வார்த்தை என்று காலம் தள்ளுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். துரைராசுவிடமிருந்து வாயை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு வேட்டியும் ஒரு துண்டும்தான். மன்னார்குடிக்குத் தெற்கே எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் வர்ணனைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைக் துரைராசு என்று நோட்டீஸில் போட்டால் ஆட்டம் பார்க்காதவன்கூட வந்து உட்காருவான். "பாடிப் போன தம்பி திரும்ப மாட்டேங்குறாரு. பொண்ணு பாக்கப் போன எடத்துல பஜ்ஜி வரட்டும்னு உக்காந்திருக்குற மாப்ள மாதிரி கோட்டுக்கிட்டயே நிக்கிறாரு" என்று அவர் சொல்கையில், ஆடுகிறவனே சிரித்துப் பிடிபட்டுவிடுவான். அந்த வாய்தான் இப்போது பூட்டிக் கிடந்தது.

அன்று கஞ்சி அடைக்காமல் வந்தது. துரைராசு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கபடியில் அம்பயர் போனஸ் புள்ளி கொடுக்கிற சைகை. சுடர்விழி சிரிக்கவில்லை. அந்தச் சைகையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் அந்த ஒரு போனஸால் வந்தது.

டம்ளரைக் கழுவுவதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. கூத்தாநல்லூர் ஜாஃபர் சாதிக். அறுவடை மிஷின்களை ஊர் ஊராக அனுப்பி வைக்கிற ஏஜென்ட். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"நாளைக் கழிச்சு வெள்ளிக்கிழமை மிஷின் நம்ம ஊருக்கு வருது அண்ணி. ஒரே நாளுதான். அப்புறம் ஒரத்தநாட்டுப் பக்கம் போயிடும். சனிக்கிழமை மழைங்குறான். அமிர்தம் அக்கா நெல்லு சாஞ்சு தரையத் தொட்டுகிட்டுக் கெடக்கு. நீங்க தடம் விட்டா..."

"யாரு விடணும்?"

"அண்ணன்தான்."

"அமிர்தம் பெத்த பய வந்து அண்ணன் முன்னாடி நிக்கட்டும் ஜாஃபரண்ணே. வாயத் தொறக்க முடியாம ஒருத்தரு கெடக்குறாரே, அவரு மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் எங்க வயலுக்குள்ள ஈ, எறும்பு எறங்கக் கூடாது."

ஜாஃபர் சாதிக் துரைராசுவைப் பார்த்தார். துரைராசு கையிலிருந்த ஸ்ட்ராவை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். வந்தவர், "ஒடம்பப் பாத்துக்குங்கண்ணே" என்று பைக்கை உதைத்தார்.

அமிர்தத்தின் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், துரைராசுவின் பத்து மாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குப் பின்னால் வடிகால், இரண்டு பக்கமும் மேடு கட்டிய தேக்கந்தோப்பு. ரோட்டிலிருந்து மிஷின் போக வேண்டுமென்றால் துரைராசுவின் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் முன்வயலும் பின்வயலும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே நாளில் அறுப்பதுதான் வழக்கம். இந்த வருஷம் ஐப்பசி மழையில் துரைராசுவின் நடவு முழுக்க அழுகிவிட்டது. அமிர்தம்தான் தன் நாற்றங்காலில் மிஞ்சிக் கிடந்த நாற்றைக் கொடுத்தாள். "கெடந்து முத்துறதுக்கு ஒங்க வயல்ல போயி நிக்கட்டுமே அண்ணே" என்றாள். அதைப் பிந்தி நட்டதில் முன்வயல் இப்போதுதான் பால் பிடித்து நிற்கிறது. பின்வயல் பழுத்துச் சாய்ந்துவிட்டது.

இப்படி ஆகிற வருஷத்துக்கும் ஊரில் ஒரு முறை உண்டு. முன்வயல்காரன் தன் பயிரில் மிஷின் போகிற அளவுக்கு ஒன்பதடி அகலத்தைக் கையால் அறுத்துத் தடம் விடுவான். அறுத்த பச்சைப் பயிர் மாட்டுக்குப் போகும். ஆனால் முதல் அரிவாளை உடைமைக்காரன்தான் வைக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, ஆள் விட்டும் அறுக்கக் கூடாது. நிற்கிற பயிரில் அடுத்தவன் முதல் அரிவாள் வைத்தால் அதைவிடப் பெரிய சண்டை கிடையாது. ஆகவே அமிர்தத்தின் ஆறு மா நெல்லும் துரைராசுவின் கையில் இருந்தது.

காணும் பொங்கலன்று நடந்தது இதுதான். இறுதி ஆட்டம். உள்ளூர் அணியும் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த அணியும் முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. இரண்டு ஊர்ப் பையன்களும் பனியனில் பேர் அடித்துக்கொண்டு, சைலன்சரைக் கழற்றிய பைக்குகளில் மத்தியானத்திலிருந்தே உறுமிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் பாடிப் போகையில் உள்ளூர்ப் பையன் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தான். பின்னங்கால் தரையில் இருந்தது என்று அம்பயர் புள்ளியை மறுத்தார். அப்போது துரைராசு மைக்கில் சொன்னார்: "பின்னங்கால் தூக்கித்தான் இருந்துச்சு, ஊரே பாத்துச்சு, அம்பயர் மட்டும் பாக்கல. இதையும் பாத்துகிட்டு உக்காந்திருந்தா நம்ம ஊருல ஆம்பளைங்க இல்லன்னு அர்த்தம். எழுந்திரிங்கடா!"

எழுந்திரிங்கடா என்பது அவர் எல்லா ஊரிலும் சொல்வதுதான். நல்ல பிடி விழுந்தால் சொல்வார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். அன்றைக்கும் எழுந்தது. கைதட்டவில்லை. ஆடுகளத்துக்குள் இறங்கியது. அந்தப் பக்கக் கூட்டமும் இறங்கியது. சவுக்குக் கம்பைப் பிடுங்கினார்கள், டியூப்லைட்டை உடைத்தார்கள், வந்தவர்களின் வேன் கண்ணாடி நொறுங்கியது. ஏழு பேருக்குக் காயம். அம்பயரைப் பக்கத்து வீட்டுச் சமையல்கட்டு வழியாகக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். துரைராசு மேஜை மேல் ஏறி நின்று, "வேணாம்டா, டேய் வேணாம்டா" என்று கத்தினார். அதற்குள் யாரோ மைக் ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள். அவர் கத்தியது பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. அமிர்தத்தின் மகன் பரிதி, எதிரணிப் பையன் ஒருவனைக் குறிபார்த்து இரும்பு நாற்காலியை வீசினான். அது குறி தப்பித் துரைராசுவின் முகத்தில் வந்து இறங்கியது.

பரிதி அன்றிரவே திருப்பூருக்கு ஓடிப்போனான். அவன் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். ஊர் முழுக்க வந்து துரைராசுவைப் பார்த்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் பதினொன்று சேர்ந்தது. எல்லோரும் பரிதியைத் திட்டினார்கள். துரைராசு சொன்னதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சண்டையில் மறந்துவிட்டார்களா, அடிபட்ட ஆளிடம் எதற்கு என்று விட்டார்களா, அவருக்குத் தெரியவில்லை. கைதட்டத்தான் சொன்னேன் என்று தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தார். படுத்தபடி கூரையைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கையில் அது பொய் என்று தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவருக்கும் கோபம்தான். அம்பயர் சட்டையைப் பிடிக்க அவருக்கே கை பரபரத்தது. மைக் கையில் இருந்ததால் ஊர்க் கையை அனுப்பிவிட்டார். இதை யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. சொல்லுவதற்கு வாயில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒருமுறை, 'நான்தான் எழுந்திரிக்கச் சொன்னேன்' என்று எழுதினார். எழுத்தில் பார்க்க அது யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசி மாதிரி இருந்தது. கிழித்துவிட்டார்.

அவரை இன்னொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் யூடியூபில் நேரலையாகப் போனது. இன்னும் அங்கேயே கிடக்கிறது. தினமும் மத்தியானம் அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்துச் சுடர்விழி அடுப்படியில் அதைப் போடுவாள். அவருடைய குரலே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். பாடிப் போறாரு, தொட்டுட்டாரு, ஐயோ பிடிச்சுட்டாங்க. அம்பயர் போனஸை மறுக்கிற இடம் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். தினமும் அதே இடம். போலீஸில் கொடுத்த கேஸுக்கு ஆதாரம் தேடுகிறாள் என்று நினைத்தார். ஆதாரம் தேடுகிறவள் நாற்காலி பறக்கிற இடத்தையல்லவா பார்க்க வேண்டும்? இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? இருபத்தாறு வருஷத்தில் அவளை இந்த அளவுக்கு அவர் யோசித்ததில்லை. பேச வாயிருந்த காலத்தில் யோசிக்க நேரம் ஏது?

ஜாஃபர் சாதிக் வந்துபோன அன்று சாயங்காலம் அமிர்தம் வந்தாள். தூக்குவாளியில் கேழ்வரகுப் பால் கொண்டுவந்திருந்தாள். சுடர்விழி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவள், கூட்டுவதை நிறுத்தவில்லை.

"கேவுருப்பால் அண்ணி. மூணு தடவ வடிகட்டியிருக்கேன்."

"எங்க வீட்டுலயும் துணி இருக்கு. நாங்களும் வடிகட்டுவோம்."

"திட்டுங்க அண்ணி. நான் நெல்லுக்காக வரல."

"வேற எதுக்கு வந்த? மழை வரப்போவுதுன்னதும் கேவுரு ஞாபகம் வந்துச்சா? பதினெட்டு நாளா ஏன் வரல?"

"வந்தேன். ரெண்டு நாளு தெருமொனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

ஜன்னல் வழியாகத் துரைராசு பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ஊரில், எத்தனை சண்டையில், ரெண்டு பேருக்கும் நடுவே மைக்கைப் பிடித்து ஒரு கேலி பேசிச் சிரிக்க வைத்துக் கலைத்து விட்டிருக்கிறார். இப்போது சொந்த வாசலில் இரண்டு பெண்கள் நிற்க, அவரால் ம் என்று முனகத்தான் முடிந்தது. அமிர்தம் தூக்குவாளியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். சுடர்விழி அதைத் தொடவில்லை. இருட்டுகிறவரை அது அங்கேயே இருந்தது. பிறகு துரைராசு போய் எடுத்து, நின்றபடியே ஸ்ட்ராவைப் போட்டு முழுக்க உறிஞ்சிவிட்டு, கழுவிக் கவிழ்த்தார். சுடர்விழி பார்த்தாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது துரைராசு கட்டிலில் இல்லை. மாட்டுக்கொட்டகையில் சொருகியிருந்த கருக்கரிவாளும் இல்லை.

பனி இன்னும் கதிரில் இருந்தது. துரைராசு ரோட்டோரத்து வரப்பில் நின்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். பால் பிடித்த கதிர் ஒன்றைக் கிள்ளி நசுக்கினார். வெள்ளையாகப் பால் விரலில் ஒட்டியது. இன்னும் இருபத்தைந்து நாள் விட்டால் நெல்லாகியிருக்கும். குனிந்து முதல் பிடியைப் பிடித்து அரிவாளை இழுத்தார். குனிந்ததும் ரத்தமெல்லாம் தாடைக்கு இறங்கி விண்ணென்று தெறித்தது. கொஞ்சம் நின்று மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு இரண்டாவது பிடியைப் பிடித்தார்.

பத்தடி போயிருப்பார். பின்வயலிலிருந்து வரப்போடு ஓடிவந்தாள் அமிர்தம். தன் சாய்ந்த நெல்லைப் பார்க்க விடியற்காலையிலேயே வந்திருக்கிறாள் போலிருக்கிறது. அறுத்த அடித்தாள் தெரிகிற அந்தப் பத்தடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் வாய் கோணிக்கொண்டது. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

துரைராசு அரிவாளை இடுப்பில் செருகினார். கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். இதற்காகத்தான் அதைக் கொண்டுவந்திருந்தார். ஒரு மணி நாற்பத்தேழாவது நிமிஷம். அவருக்கு மனப்பாடம். விரலால் தள்ளி அந்த இடத்துக்குக் கொண்டுபோய், அமிர்தத்தின் முன்னால் நீட்டினார்.

வயல்வெளியில் அவருடைய குரல் கேட்டது. பின்னங்கால் தூக்கித்தான் இருந்துச்சு, ஊரே பாத்துச்சு. அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். நம்ம ஊருல ஆம்பளைங்க இல்லன்னு அர்த்தம். மறுபடி மார்பைத் தொட்டார். எழுந்திரிங்கடா! சத்தத்தைக் குறைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள் அமிர்தம். "அன்னைக்கு ஒரு மைக்செட்டுக் கொழாய எங்க வீட்டு முன்னாடி போஸ்டுலதானே கட்டியிருந்தாங்க. நீங்க எழுந்திரிங்கடான்னு சொன்னதும், அடுப்பாங்கரையில தோசை ஊத்திகிட்டிருந்த நானே கரண்டியோட எழுந்திரிச்சு நின்னேன்."

துரைராசு நிமிர்ந்து பார்த்தார்.

"கரண்டியோட வாச வரைக்கும் வந்துட்டேன்னா பாருங்க. ஒங்க கொரலு அப்புடி. ஆனா, நான் கரண்டிய எவன் மேலயும் வீசல. நாற்காலியத் தூக்குனது எம் புள்ளதான். அந்தப் பழிய நீங்க எடுத்துக்க வேணாம். அவன் போன்லயே அழுவுறான். நானே அவங்கிட்ட சொல்லிட்டேன், மாமா எழுந்திரிக்கத்தான் சொன்னாரு, எறியச் சொல்லலன்னு."

பின்னால் ஒயர்க்கூடை வரப்பில் டக்கென்று வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. சுடர்விழி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கூடையில் டம்ளர், கஞ்சித்தூக்கு, ஒரு கட்டு ஸ்ட்ரா. அவள் கண் முதலில் அறுத்துப் போட்ட பச்சையில் விழுந்தது, அப்புறம் அவர் கையிலிருந்த போனில்.

"அத எதுக்கு இங்க போடுறீங்க?" என்றாள்.

துரைராசு அவளையும் பார்த்து மார்பைத் தொட்டுக் காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும். மொத நாளே தெரியும். போலீஸ்காரங்ககிட்ட நாற்காலி பறக்குறதுலேருந்துதான் காமிச்சேன். தெனமும் போட்டுப் பாக்குறேனே, ஆதாரம் தேடுறேன்னு நெனச்சீங்களா? பத்தொம்பது நாளா வீடு வீடாவா இருக்கு? காலையில எழுந்ததுலேருந்து தூங்குற வரைக்கும் காது கிழியுறாப்ல பேசிப் பேசிப் பழக்கிட்டு, இப்ப டம்ளரத் தட்டுனா? ஒங்க கொரலக் கேக்கத்தான் போட்டேன். கேட்டுகிட்டே இருப்பேன், நல்லாத்தான் இருக்கும், அந்த எடம் வந்துடும். வந்ததும் நிறுத்திடுவேன்."

துரைராசுவின் கண்ணில் நீர் கட்டியது. வெட்கப்படாமல் அழுதார். வாய் திறக்காமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சு முட்டியது. சுடர்விழி பதறிப் போய்த் தன் தலைப்பால் அவர் மூக்கைச் சிந்தித் துடைத்தாள்.

"போதும். இதுக்கெல்லாம் அழுதா மூச்சு நின்னு போயிடும். அந்த அரிவாள இங்க குடுங்க. நீங்க கஞ்சியக் குடிங்க."

அரிவாளை அவளே அவர் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். அமிர்தம் ஓடிப்போய்த் தன் அரிவாளை எடுத்துவந்து இன்னொரு பக்கத்தில் இறங்கினாள். அரிவாள் இழுக்கிற சரக் சரக் மட்டும் கேட்டது. ரோட்டில் டியூஷனுக்குப் போன பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் தடம் பாதி வயலைத் தாண்டியிருந்தது. துரைராசு வரப்பில் உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தார். சுடர்விழி தன் பக்கத்தில் மூன்றடியை ஒழுங்காக அறுத்துக்கொண்டு போகிறாள். அமிர்தம் அந்தப் பக்கத்தில் மூன்றடி. நடுவில் மூன்றடிப் பயிர் அப்படியே நிற்கிறது. அவர் அறுத்த முதல் பத்தடி தவிர, ரோட்டிலிருந்து நீளமாக, தொடாமல்.

அமிர்தமும் பார்த்துவிட்டாள். நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இது நிக்குதே. மூணடி விட்டா மிஷின் எப்புடிப் போவும்?"

"மிஷின் நாளைக்குத்தானே வருது?" சுடர்விழி குனிந்தபடியே சொன்னாள். "அத அறுக்க வேண்டியவன் வந்து அறுக்கட்டும். திருப்பூருலேருந்து பஸ்ஸா இல்ல?"

அமிர்தம் அரிவாளைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு தேக்கந்தோப்புப் பக்கமாக வேகமாக நடந்தாள்.

வரப்பில் கிடந்த துரைராசுவின் போனில் அந்த வீடியோ நிற்காமல் அடுத்த வீடியோவுக்குப் போயிருந்தது. அரையிறுதி ஆட்டம். அதிலும் அவர்தான். சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சத்தத்தக் கூட்டி வைங்க" என்றாள் சுடர்விழி, திரும்பாமல்.

கூட்டி வைத்தார். பொண்ணு பாக்கப் போன எடத்துல பஜ்ஜி வரட்டும்னு, என்று அவருடைய குரல் பச்சை வயலில் ஏறி நடந்தது. குனிந்திருந்த சுடர்விழியின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள். துரைராசுவுக்கும் சிரிப்பு வந்தது, தாடை விடவில்லை, ஸ்ட்ரா வழியாகக் கஞ்சிக்குள் மூச்சு இறங்கிக் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. தோப்போரத்தில் அமிர்தம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மகன் சொல்வதைக் கேட்டபடி நின்றாள். இரண்டு பக்கமும் அறுத்த தாளுக்கு நடுவே அந்த மூன்றடிப் பயிர் காற்றில் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.